வீட்டுக்கு அடியில் காற்று போகட்டும்

கேள்வி:

"தம்பி, நானும் இவரும் வேலையால் ஓய்வெடுத்த பிறகு லண்டன் வீட்டை விற்று, பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கொடுத்து, மிச்சக் காசில் கெண்ட் கரையோரம் ஒரு பார்க் ஹோம் வாங்கினோம். இரண்டு துண்டாக லொறியில் கொண்டுவந்து பொருத்திய வீடு. 2004 இல் செய்தது. முதல் விண்டரில் நிலம் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. அடியில் சுற்றிவர இருக்கும் செங்கல் சுவரின் ஓட்டைகளால்தான் காற்று வருகிறது என்று இவர் எல்லாவற்றையும் ஸ்பொஞ்சும் பலகையும் வைத்து அடைத்துவிட்டார். பொயிலருக்குச் செலவு கூட என்று ஹோலில் ஒரு சின்னக் காஸ் ஹீற்றரும் வைத்திருக்கிறோம். இப்போது இரண்டாவது விண்டர். படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். குளியலறை நிலம் ஒரு இடத்தில் மெத்து மெத்தென்று அமுங்குகிறது. படுக்கையறைக் கதவு இழுபடுகிறது. போன கிழமை ஒருவர் கதவைத் தட்டி, கையில் ஒரு கருவியோடு வந்து, அடியில் மரமெல்லாம் உக்குகிறது, நுரை அடித்து முட்டுக் கொடுக்காவிட்டால் வீடு இரண்டு வருடம் தாங்காது என்று சொல்லி ஒன்பதாயிரம் பவுண் கேட்டார். திங்கட்கிழமை கையெழுத்து வாங்க வருவாராம். செங்கல் வீட்டில் முப்பது வருடம் இருந்த எங்களுக்கு இந்த வீட்டின் குணம் பிடிபடவில்லை. பயமாக இருக்கிறது."

பதில்:

வணக்கம் அக்கா. திங்கட்கிழமை அவர் வந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். வாசலிலேயே கதைத்து அனுப்பிவிடுங்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அத்தான் அடைத்த ஓட்டைகள் அத்தனையையும் இன்றைக்கே, வெளிச்சம் போகமுதல், திறந்துவிடுங்கள். நீங்கள் எழுதிய எல்லாமே அந்த ஓட்டைகளை அடைத்ததால் வந்தவை இல்லை. ஆனால் அவை மூடிக் கிடக்கும்வரை வேறு எந்தத் திருத்த வேலைக்குக் காசு செலவழித்தாலும் அது நிலைக்காது.

அத்தானைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குளிர் வருகிற வழியை அடைப்பது யாருக்கும் தோன்றுகிற காரியம்தான். செங்கல் வீட்டில் அது சரியாகவும் இருந்திருக்கும். இந்த வீடு கட்டப்பட்ட விதம் வேறு.

பிரித்தானியச் சட்டத்தின் பார்வையில் உங்கள் வீடு ஒரு கரவன், அதாவது இடம் மாற்றக்கூடிய வீடு. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்தும் வீட்டையும் அந்தப் பெயருக்குள்ளேயே வைத்திருக்கிறது. கீழே சைட்காரர், அதாவது வீடுகள் நிற்கிற காணியின் சொந்தக்காரர், போட்ட கொங்கிரீட் தளம். அதன் மேல் ஜாக்கிகளும் சீமெந்துக் கல் அடுக்குகளும். அவற்றின் மேல் இரும்புச் சட்டகம், அதன் மேல் மரச் சட்டங்கள், அதன் மேல் சிப்போர்ட் பலகை, கடைசியில் உங்கள் கார்ப்பெற். சுற்றிவரத் தெரிகிற செங்கல் சுவர் வீட்டைத் தாங்கவில்லை. அது மழையும் காற்றும் நேரே அடியில் மோதாமல் இருக்கக் கட்டிய மறைப்பு. வீட்டைத் தாங்குவது முழுக்க உள்ளே இருட்டில் நிற்கிற இரும்பும் மரமும்தான். அவை காய்ந்தபடி இருப்பதற்காகத்தான் அந்தச் சுவரில் ஓட்டைகளை விட்டிருக்கிறார்கள்.

கொங்கிரீட் பார்க்கக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் நிலத்தின் ஈரம் அதற்குள்ளால் ஏறிக்கொண்டே இருக்கும். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனால் அந்த ஈரமும் கூடவே போய்விடும். வழியை அடைத்தால் ஈரம் அடியிலேயே நிற்கும். நான் பத்தொன்பது வருடமாக இந்த வீடுகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறவன். ஒரு ஜனவரி மாதம் எசெக்ஸில் ஒரு வீட்டுக்கு அடியில் போனேன். வீட்டுக்காரர் தோட்டத்தில் நல்ல ஆசை உள்ளவர். சுவரோடு சேர்த்து ஒரு முழம் உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி கட்டி, ரோசாவும் வெங்காயமும் நட்டிருந்தார். அந்தப் பக்கத்து ஓட்டைகள் முழுக்க மண்ணுக்குள். உள்ளே ரோச் லைற்றை அடித்தபோது இரும்புச் சட்டகம் நெடுக முத்து முத்தாகத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் சொட்டியது. மழைத் தண்ணீர் ஒரு துளியும் உள்ளே வரவில்லை, எல்லாம் வெளியே போக வழியில்லாத ஈரம். பாத்திப் பக்கத்து மரச் சட்டத்தில் ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினேன். அவித்த மரவள்ளிக் கிழங்கில் கத்தி இறங்குகிற மாதிரி பிடி வரைக்கும் இறங்கியது. பாத்தி இல்லாத மறுபக்கத்தில் அதே வீடு, அதே வயதுச் சட்டம், ஸ்குரூட்ரைவர் நுனிகூட ஏறவில்லை. ஒரே வீட்டில் காற்றுப் போன பக்கத்தையும் போகாத பக்கத்தையும் அருகருகே பார்த்த நாள் அது. யாராவது ஓட்டையை அடைப்போமா என்று கேட்டால் எனக்கு அந்த உக்கிய மரச் சட்டம்தான் ஞாபகம் வரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது உயிரோடு சம்பந்தப்பட்டது. உங்கள் பொயிலருக்கு வெளியே நிற்கிற பெரிய சிலிண்டரில் இருப்பது புரொப்பேன். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம். எங்காவது ஒழுகினால் மேலே எழும்பிப் போகாமல் தண்ணீர் மாதிரிப் பள்ளத்தைத் தேடி ஓடும். வீட்டுக்கு அடியில் ஓட்டைகள் திறந்திருந்தால் கலைந்துபோகும். மூடியிருந்தால் அங்கேயே தேங்கும். உள்ளே நிலத்தோடு எங்காவது கம்பி வலை போட்ட சின்ன ஓட்டை இருந்தால், பழைய வீடுகளில் குசினியில் இருக்கும், அதுவும் காஸ் கீழே இறங்க விட்ட வழிதான். கார்ப்பெற்றையோ கால்மிதியையோ அதன்மேல் போட்டுவிடாதீர்கள்.

ஓட்டைகளைத் திறந்தபின் எலி வரும் என்று பயப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் உள்பக்கமாக நெருக்கமான கம்பி வலை அடியுங்கள், காற்றுக்கு அது தடையில்லை. அடியில் பழைய பெட்டி, கார்ப்பெற் துண்டு, பலகை என்று எதுவும் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். அவை ஈரத்தையும் எலியையும் பிடித்து வைக்கும், நெருப்புப் பிடித்தால் அதற்கும் தீனி. வெளியே சுவரோடு ஒட்டி நிற்கிற பூச்சாடிகளை ஒரு அடி தள்ளி வையுங்கள்.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது என்று அத்தான் கேட்பார். குளிரை நிறுத்த வேண்டிய இடம் அந்தச் சுவர் இல்லை, உங்கள் கால் படுகிற பலகைக்கு நேர் கீழே, மரச் சட்டங்களுக்கு இடையில். அங்கே கம்பளி மாதிரியான மினரல் வூல் அல்லது வெட்டிய தகட்டு நுரையை வைத்து, ஈரம் வெளியேறக்கூடிய துணிபோன்ற விரிப்பால் கீழிருந்து தாங்கிக் கட்டுவார்கள். 2004 வீடென்றால் ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கும். பல இடத்தில் அது தொய்ந்தோ, எலி கிழித்தோ கிடக்கும், அல்லது பைப் திருத்த வந்தவர் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டாமல் போயிருப்பார். அதைச் சரிசெய்து, மேலே கார்ப்பெற்றுக்குக் கீழே தடித்த அண்டர்லே போட்டாலே வித்தியாசம் காலில் தெரியும். இருப்பதைத் திருத்துகிற செலவு புதிதாகச் செய்வதில் ஒரு சிறு பங்குதான்.

இனிக் குளியலறை. அக்கா, நேரே ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ரொய்லெற்றில் வாளியும் பேணியும் வைத்துத் தண்ணீர் பாவிக்கிறீர்களா? நிலத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறீர்களா? எங்கள் ஆட்கள் இருக்கிற பார்க் ஹோம்களில் நான் காணும் பழுதுகளில் முதலாவது இதனால் வருவதுதான். ஊரில் குளியலறை சீமெந்து நிலம், தண்ணீர் ஓடிப்போக மூலையில் ஓட்டை இருக்கும். இங்கே கீழே இருப்பது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த சிப்போர்ட். ஒருமுறை நனைந்து ஊதினால் காய்ந்த பிறகும் பழைய வலுவுக்குத் திரும்பாது. ரொய்லெற் அடியைச் சுற்றி விரல் நகம் அளவு இடைவெளி இருந்தால் போதும், தினமும் ஒரு பேணித் தண்ணீர் சிந்தினால் ஒரு வருடத்தில் அந்த இடம் மெத்து மெத்தென்று ஆகிவிடும். பழக்கத்தை விடச் சொல்லவில்லை. ரொய்லெற்றோடு பொருத்துகிற கைப்பிடி ஸ்பிரேயை ஒரு பிளம்பரைக் கொண்டு பூட்டுவித்து, பாவித்ததும் அதன் வால்வைப் பூட்டுங்கள். நிலத்தைப் பிழிந்த துணியால் துடையுங்கள், வாளி வேண்டாம்.

பழக்கம் காரணமில்லை என்றால் வேறு மூன்று விடயங்களைப் பாருங்கள். ரொய்லெற்றுக்குப் பின்னால் பைப் சேருகிற இடத்தில் ஒரு காய்ந்த ரிஷ்யூவைச் சுற்றிவிட்டு அடுத்த நாள் காலை பாருங்கள், நனைந்திருந்தால் ஒழுக்கு அங்கே. ஷவர் தட்டு சுவரோடு சேருகிற சிலிக்கன் கறுத்தோ கழன்றோ இருக்கிறதா என்று பாருங்கள். ஷவர் தட்டில் ஏறி நிற்கும்போது அது ஆடினால் சிலிக்கனை எத்தனை தரம் போட்டாலும் பிளக்கும், முதலில் தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒழுக்கை நிறுத்தாமல் பலகையை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு வருடத்தில் அதே இடத்தில் மறுபடியும் நிற்போம். நிறுத்திய பிறகு, ஊதிய துண்டை வெட்டி எடுத்து, கீழே உள்ள மரத்தைக் காயவிட்டு, அதே அளவில் வெட்டிய, ஈரம் தாங்கும் பிளைவுட் போட்டால் போதும். அந்த இடம் ஒரு தினசரிப் பேப்பர் அளவுதான் என்றால் ஒரு நாள் வேலை. வெட்டியதும் கீழே தெரிகிற மரச் சட்டத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வீடு உக்குகிறதா என்பதற்கு அதுதான் சாட்சி.

படுக்கையறைப் பூஞ்சணத்துக்கு அடியில் உள்ள ஈரம் கொஞ்சம் உதவியிருக்கலாம். பெரும்பங்கு உள்ளே நீங்களே உண்டாக்குகிற ஈரம். அந்தக் காஸ் ஹீற்றரைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். அது நீலச் சிலிண்டரில் எரிகிற, புகைபோக்கி இல்லாத ஹீற்றர்தானே? ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். 15 கிலோச் சிலிண்டர் ஒன்று முடிகிறபோது ஏறக்குறைய 23 லீற்றர் தண்ணீரை உங்கள் ஹோலுக்குள் விட்டிருக்கும். இரண்டு பெரிய வாளி நிறையத் தண்ணீரைக் கார்ப்பெற்றில் ஊற்றுவது மாதிரி. அந்த ஆவி வீட்டுக்குள் சுற்றித் திரிந்து ஆகக் குளிர்ந்த சுவரைத் தேடிப் பிடித்துத் தண்ணீராகும். வெளிச் சுவரோடு ஒட்டி நிற்கிற அலுமாரிக்குப் பின்னால் சூடும் போகாது, காற்றும் போகாது. பூஞ்சணம் அங்கே வந்ததில் ஆச்சரியமில்லை. காற்றோட்டம் குறைந்த வீட்டில் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவின் ஆபத்து வேறு. அந்த ஹீற்றரை வெளியே எடுங்கள். காபன் மொனொக்சைட் அலாம் ஒன்று இல்லையென்றால் நாளைக்கே வாங்கி வையுங்கள்.

பொயிலரை நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் ஓடவிடுவது, இரவில் நிறுத்திக் காலையில் கூட்டுவதைவிட இந்த மாதிரி மெல்லிய சுவர் வீட்டின் மரத்துக்கு நல்லது. புட்டும் இடியப்பமும் அவிக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி, மேலே உள்ள ஃபானைப் போடுங்கள், அவித்து முடிந்தும் கால் மணித்தியாலம் ஓடட்டும். ஃபான் காற்றை வெளியே தள்ளுகிறதா அல்லது வடிகட்டி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். வெளிச் சுவரில் மூடி ஆடாவிட்டால் அது ஆவியை வெளியேற்றவில்லை. உடுப்பை றேடியேற்றரில் காயப்போடுகிற ஒவ்வொரு முறையும் இரண்டு லீற்றர் அளவு தண்ணீர் அறைக்குள் போகும். யன்னல் சட்டத்தின் மேலே உள்ள சின்ன மூடிகளை விண்டரிலும் திறந்தே வையுங்கள். அலுமாரியை நாலு விரல் முன்னால் இழுத்து வையுங்கள். பத்துப் பவுணுக்குக் காற்றின் ஈரத்தை அளக்கும் ஒரு ஈரமானி வாங்கிப் படுக்கையறையில் வைத்தால் உங்களுக்கே விளங்கும். 40 இலிருந்து 60 சதவீதம் வரை நின்றால் நல்லது, நாள் கணக்கில் 70 க்கு மேலே நின்றால் எங்கோ தவறு.

பூஞ்சணத்தைத் துடைக்கும்போது கையுறையும் மூக்குமறைப்பும் போட்டுப் பூஞ்சணக் கொல்லியால் துடையுங்கள், காய்ந்த தும்புத்தடியால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும். இழுப்பு வருத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவரை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

கதவு இழுபடுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஈரத்தில் கதவுப் பலகை ஊதியிருக்கலாம். அல்லது அடியில் ஒரு ஜாக்கி தளர்ந்து அந்த மூலை சற்று இறங்கியிருக்கலாம். பிரித்துப் பார்ப்பது சுலபம். கதவைச் சாத்தி மேல் விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி நெடுக ஒரே அளவில் இருந்து பக்கம் மட்டும் இறுகினால் ஊதியது. ஒரு மூலையில் அகலமாகத் தொடங்கி மறு மூலையில் ஒன்றுமில்லாமல் போனால் வீடு சாய்ந்திருக்கிறது. அப்போது கதவைச் சீவாதீர்கள். வீட்டை மட்டப்படுத்திய பிறகு சீவிய கதவில் இடைவெளி விழும். ஹோலின் நடுவே, இரண்டு துண்டும் சேருகிற கோட்டில், சீலிங்கிலோ நிலத்திலோ புதிதாக வெடிப்போ படியோ தெரிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் பக்கத்தில் பல இடங்கள் களிமண் நிலம். 2022 மாதிரிக் காய்ந்த கோடையில் களி சுருங்கும், மழைக்கு மறுபடி பொங்கும், தளம் அதோடு அசையும். இருபது வருட வீட்டை ஒருவர் வந்து மட்டம் பார்த்து ஜாக்கிகளை இறுக்குவது சாதாரண பராமரிப்பு. அதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. அடியில் போகிறவரிடம் இரும்புச் சட்டகத்தில் கறள் எவ்வளவு என்று படம் எடுக்கச் சொல்லுங்கள். மேலோட்டமான கறளைக் கம்பிப் பிறஷால் தேய்த்து, கறள் தடுக்கும் பெயின்ற் அடித்தால் பல வருடம் நிற்கும். தட்டும்போது தகடு தகடாகக் கழன்றால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது திங்கட்கிழமைக்காரர். அவர் கையில் இருந்தது ஈரம் அளக்கும் மீற்றர். அந்தக் கருவி பொய்யில்லை, ஆனால் அதை எங்கே வைத்து அமத்துகிறோம் என்பதைப் பொறுத்து அது எதையும் சொல்லும். மரத்தின் மேற்பரப்பில் பனித்துளி படிந்த ஒரு காலையில், அல்லது பின்னால் வெள்ளித் தாள் ஒட்டிய பலகையில் வைத்தால் எண் உச்சத்துக்குப் போகும். மரத்துக்குள் ஈரம் நீண்ட நாள் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் உக்கல் பற்றிய பேச்சு எழ வேண்டும். அதைச் சொல்ல ஒரு இடத்தில் ஒரு எண் போதாது, பல இடத்தில், ஊசி குத்தி, வேறு வேறு நாளில் பார்க்க வேண்டும். அவர் அடியில் இறங்கினாரா? படம் காட்டினாரா? உங்கள் ஓட்டைகள் அடைத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். சுற்றிவர ஓட்டை அடைத்த வீட்டைப் பார்த்தும் அதைச் சொல்லாமல் ஒன்பதாயிரம் பவுண் கேட்கிறவர் உங்கள் வீட்டைப் பார்க்கவில்லை, உங்கள் வயதைத்தான் பார்த்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வயது போனவர்கள் கூடி வாழும் இந்தச் சைட்டுகளை இப்படிப்பட்டவர்கள் வீடு வீடாகத் தட்டித் திரிகிறார்கள்.

அவர் சொல்கிற நுரையை நான் என் அம்மாவின் வீட்டுக்கு அடிக்க விடமாட்டேன். அது மரத்திலும் இரும்பிலும் ஒட்டி இறுகிக் கல்லாகிவிடும். பிறகு பைப் ஒழுகினாலும், கறள் பிடித்தாலும், மரம் நனைந்தாலும் யாருக்கும் கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே நனைந்திருக்கும் மரத்தின் மேல் அடித்தால் அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். நாளைக்கு வீட்டை விற்கும்போது பார்க்க வருகிறவர் அடியைப் பார்க்க முடியாமல் திரும்பிப் போவார்.

ஒருவேளை ஏற்கெனவே ஏதாவது கடதாசியில் கையெழுத்து வைத்திருந்தாலும் பதறவேண்டாம். வீட்டுக்கு வந்து செய்கிற இந்த மாதிரி ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்ய 2013 ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள் உரிமை தருகின்றன. எழுத்தில் அறிவித்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 14 நாளுக்குள்ளேயே வேலையைத் தொடங்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் செய்த வேலைக்குக் காசு கேட்பார்கள், ஆகவே அதில் ஒப்பம் வைக்காதீர்கள். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் நுகர்வோருக்கென்று தனித் தொலைபேசிச் சேவை உண்டு, அவர்கள் முறைப்பாட்டை உரிய இடத்துக்கு அனுப்புவார்கள்.

எது யார் செலவு என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். இங்கிலாந்தில் 1983 ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின்படி வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. வீடு நிற்கிற தளத்தைத் திருத்துவதும், சைட்காரர் தருகிற தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகளைப் பராமரிப்பதும் சைட்காரர் பொறுப்பு. ஆகவே மட்டம் பார்க்கிறவர் ஜாக்கி மட்டும் தளர்ந்திருக்கிறது என்றால் பொதுவாக உங்கள் செலவு. கொங்கிரீட் வெடித்து இறங்கியிருக்கிறது என்றால் படத்தோடு சைட்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மறுத்தால் அது தீர்ப்பாயம் வரை போகக்கூடிய விடயம், அதற்கு முன் லீஸ் என்ற அரச ஆலோசனை அமைப்பு பார்க் ஹோம்காரருக்கு இலவசமாக வழி சொல்லும்.

மேலே கூரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பீலிகளை இலை கொட்டி முடிந்த பிறகு ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை துப்பரவாக்குவித்தால் பாதிப் பிரச்சினை வராது. அடைத்த பீலி வழிந்தால் தண்ணீர் சுவரோடு இறங்கிக் கீழ் விளிம்பில் பிளைவுட்டுக்குள் ஏறும். ஓட்டுத்தகடு போட்ட கூரையில் ஏறி நடக்கவோ பிரஷர் வாஷர் அடிக்கவோ யாரையும் விடாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் மணல் கழன்றுவிடும், தண்ணீர் பொருத்துக்குள் ஏறும்.

சுவரில் நான் எப்போதும் முதலில் பார்ப்பது சற்றலைற் டிஷ். எங்கள் ஆட்களின் வீட்டில் அது கட்டாயம் இருக்கும். தமிழ்ச் சனலுக்காகப் பூட்டிவிட்டு, பிறகு இணையத்துக்கு மாறி, டிஷ்ஷைக் கழற்றியிருப்பார்கள். நாலு ஆணி ஓட்டையும் திறந்தபடி கிடக்கும். அந்தச் சுவர் வெளியே கல் மாதிரித் தெரிந்தாலும் ஒரு மெல்லிய பூச்சுக்குப் பின்னால் பிளைவுட்தான். ஒவ்வொரு ஓட்டையும் மழைக்கு வாசல். டிஷ், உடுப்புக் கொடி, தோட்ட லைற் என்று எதைப் பூட்டினாலும் ஆணியைச் சுற்றி வெளிப்பாவனைச் சீலன்ற் போடுங்கள், கழற்றினால் அன்றைக்கே அடையுங்கள். யன்னல்களைச் சுற்றியுள்ள சீலன்றையும் வருடத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெளிப்பூச்சுப் பெயின்ற் அடிக்க வேண்டும், ஈரம் மூச்சுவிடக்கூடிய பெயின்ற்றாகக் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டைகளைத் திறந்தால் தண்ணீர்ப் பைப் உறையும் என்று ஒரு பயம் வரும், அது நியாயமானது. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும், பைப்பை அது பிளந்துவிடும். அடியில் போகிறவரிடம் பைப் முழுக்கப் போர்வை சுற்றியிருக்கிறதா, முழங்கை வளைவுகளில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வளைவில்தான் விட்டிருப்பார்கள். நிலத்திலிருந்து வீட்டுக்கு ஏறுகிற பைப்பில் சூடு தரும் வயர் சுற்றியிருந்தால் அது வேலை செய்கிறதா என்று நவம்பரிலேயே சோதித்துவிடுங்கள். அதன் பிளக்கைக் கோடையில் யாரோ கழற்றியிருப்பார்கள். பொயிலரிலிருந்து வெளியே வருகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் பைப் உறைந்தால் பொயிலர் நின்றுவிடும். அப்போது சுடுதண்ணீர்ப் பையை அதன்மேல் வையுங்கள் அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், கொதிதண்ணீர் வேண்டாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்கோ ஊருக்கோ விண்டரில் போவதென்றால் தண்ணீரைப் பூட்டி, பைப்பில் உள்ளதை வடித்துவிட்டுப் போங்கள். வீடு எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம், பைப் வடிக்க வேண்டுமா என்பதற்கு உங்கள் காப்புறுதிக் கடதாசியில் நிபந்தனை இருக்கும், பயணச்சீட்டு எடுக்கமுதல் அதை வாசியுங்கள்.

பொயிலரை வருடா வருடம் பார்க்கிறவர் காஸ் சேஃப் அட்டை, அதாவது காஸ் வேலைக்கான பதிவு அட்டை, வைத்திருந்தால் மட்டும் போதாது. அட்டையின் பின்பக்கத்தில் எல்பிஜியும் (சிலிண்டர் காஸ்) பார்க் ஹோமும் எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண வீட்டுக் காஸ் வேலைக்காரர் பலருக்கு அந்த அனுமதி இராது.

ஓட்டைகளைத் திறந்து, ஹீற்றரை எடுத்து, ஒழுக்கை நிறுத்திய பிறகு நாலு கிழமை பொறுங்கள். அதற்குள் பலகை மாற்றவோ கதவு சீவவோ வேண்டாம். பிறகு அத்தானை ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஃபோனை நீட்டி, ஃபிளாஷ் போட்டு, படம் எடுக்கச் சொல்லுங்கள். நாலு மூலையும், நடுவில் இரண்டு துண்டும் சேருகிற கோடும், குளியலறைக்கு நேர் கீழும் படத்தில் வரவேண்டும். கதவின் மேல் இடைவெளியையும் ஒரு படம். ஈரமானி காட்டிய எண்களைக் காலை மாலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவற்றோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது, எதை வசந்தம் வரை விடலாம் என்று அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.